நான்குக்கும் ஒன்றுக்கும் நடுவே

ஐம்பத்து மூன்று இடங்களுக்கு அனுப்பினேன்.
ஒன்பது பேர் பதில் போட்டார்கள்.
ஒன்பதிலும் ஒரே வாக்கியம்,
எழுத்துரு மட்டும் வேறு வேறு.
நான் எழுத்துருவைத்தான் வாசித்தேன்.
வருந்துகிறோம் என்பதை இவ்வளவு நெருக்கி அடித்தவர்
வருந்தியிருக்க மாட்டார்.

கிங் தெருவில் ஒரு செங்கல் கட்டடம்,
நான்காம் மாடி, கேளாமலே வந்த காபி.
என் போர்ட்ஃபோலியோவை ஒருத்தி
சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோலப் புரட்டினாள்.
இல்லாத இசைவிழாவுக்கு ஒரு சுவரொட்டி,
இல்லாத தேயிலைக்கு ஒரு பெட்டி,
இல்லாத அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு.
"இருக்கிற எதற்காவது ஏதாவது செய்ததுண்டா?"
நியாயமான கேள்வி.
இறங்கும்போது பார்த்தேன்,
லிஃப்ட் பொத்தானில் மூன்று சற்றுச் சாய்ந்திருந்தது.
சொல்வதற்கு லிஃப்டில் யாரும் இல்லை.

"ஏதும் சரிவந்ததோ?" என்று கேட்பதை விட்டுவிட்டு
"சாப்பிட்டியோ?" என்று மட்டும்
அம்மா கேட்கத் தொடங்கிய வாரம்,
மிட்லாண்ட் அவென்யூவில் டயர் கடைக்குப் பின்னால்
பெயர்ப்பலகை செய்யும் டுவார்ட்டே
போர்ட்ஃபோலியோவைத் திறக்கவே இல்லை.
"கை நடுங்குமா?" என்றார்.
இல்லை என்றேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் நான் எதையும் வடிவமைக்கவில்லை.
மூடிப்போன பூக்கடையின் கண்ணாடியிலிருந்து
லூசிண்டா என்ற பெயரைச் சுரண்டினேன்.
தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி
நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால்
சில எழுத்து முழுசாக வரும்,
சில பொடிப்பொடியாக.
வெளியே மைனஸ் பதினொன்று.
எல்லாம் உரித்த பின்னும்
தூசி படியாத இடங்களில்
அவள் பெயர் முன்னைவிடத் தெளிவாக நின்றது.
"ஸ்பிரிட் போட்டுத் துடை."
துடைத்தேன்.
மணிக்குப் பதினெட்டு டாலர்.

பிறகு களையெடுப்பு.
தொழிலில் அதற்கு அப்படித்தான் பெயர்.
இயந்திரம் வெட்டிய வினைலிலிருந்து
வேண்டாததைக் கொக்கியால் தூக்குவது:
ஓவின் வயிறு, எட்டின் இரண்டு கண்,
ஆங்கில ஏக்குள் இருக்கும் சின்ன முக்கோணம்.
வெற்றிடம் பற்றி நாலு வருடம் படித்தேன்,
இன்னும் அதற்குக் கடன் கட்டுகிறேன்.
அது உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு
வீடுவரை வரும் என்று
ஒரு பேராசிரியரும் சொல்லவில்லை.

பிப்ரவரியில், குழாய் பழுது பார்க்கும்
ரொகேலியோவின் வெள்ளை வேன்.
பெயர். ஒரு நீர்த்துளி
(மருமகன் வரைந்தது, கை வைக்கக் கூடாது).
தொலைபேசி இலக்கம்.
"நீயே வை" என்று சொல்லிவிட்டு
டுவார்ட்டே சாப்பிடப் போனார்.

416.
எல்லா எண்ணுக்கும் ஒரே அகலம் அளந்து கொடுத்திருப்பார்கள்.
மெலிந்த ஒன்று தன் பங்கு நிலத்தில்
இரு பக்கமும் இடம் விட்டு ஒடுங்கி நிற்கும்.
நான்குக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளம்,
யாரும் விழாத பள்ளம்தான்,
ஆனாலும் பள்ளம்.
ஒன்றை இடப்பக்கம் நகர்த்தினேன். கூடிப்போயிற்று.
திருப்பினேன். மறுபடி நகர்த்தினேன்.
பத்தடி தள்ளிப்போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
நாற்பது நிமிடம்.
ரொகேலியோ வந்து, உதடசைத்து எண்ணி,
"இலக்கம் சரி" என்றார்.

மார்ச்சில் ஒரு காலை,
ஷெப்பர்ட் சந்தியில் என் பஸ்ஸுக்குப் பக்கத்தில்
அந்த வேன் வந்து நின்றது.
உப்பும் சேறும் ஏறி
பெயர் போயிருந்தது, நீர்த்துளி பழுப்பாகியிருந்தது.
யாரோ பின்கதவைத் திறக்கத் தேய்த்த இடத்தில்
முதல் மூன்று எண் மட்டும் வெளியே தெரிந்தன.
பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.
ஜன்னல் ஆவியைக் கைமூட்டால் துடைத்துவிட்டு
பச்சை விழும்வரை பார்த்தேன்.

கொஞ்சம் நெருங்கித்தான் விட்டது.
ஒன்று, ஒரு மயிரிழை
வலப்பக்கம் போயிருக்கலாம்.